இருபத்துமூன்றாம் கிழமை

மரப்பெட்டியில் வந்தன.
துறைமுகத்தில் பதினொரு நாள் கிடந்து,
சுங்கத்தில் இரண்டு முத்திரை வாங்கி,
ஃபஸ்லியின் லொறியில்
புளுமெண்டால் வீதிக் குழிகளை எல்லாம்
ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு.
மூடியைக் கழற்றியதும் இனோக்கா கேட்டாள்:
நிலக்கரி எங்கே?

நிலக்கரி இல்லை.
அதன்மேல் படுத்திருந்த கல்.
அதைத் தாங்கிக் கிடந்த கல்.
கரியை எடுப்பதற்காக
வாரி ஒரு பக்கம் கொட்டப்படப் போகிறவை.
யாருக்கும் வேண்டாததைக் கடல் தாண்டி அனுப்பி
கொட்டாஞ்சேனையில் ஓர் இரண்டாம் மாடியில்
கேட்டுச் சொல்லச் சொன்னார்கள்:
மழை பட்டால் நீ என்ன செய்வாய்?

கல்லைப் பேசவைக்க முதலில் இடிக்க வேண்டும்.
பிறகு ஒரு துளி அமிலம்.
சில நுரைத்தன, சோடாப் போத்தல் திறந்ததுபோல;
சுண்ணாம்பு உள்ளவை,
புளிப்பை விழுங்கிக்கொள்ளத் தெரிந்தவை.
ஒன்று கொஞ்சமாய் நுரைத்து அடங்கிவிட்டது.
அதை வில்லையின் கீழ் வைத்தேன்.
ஊசிமுனை ஊசிமுனையாய் மஞ்சள் மினுக்கம்.
தங்கமா அக்கா?
செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனால்
சிரித்து அனுப்புவார்கள், என்றேன்.
இரும்பும் கந்தகமும்.

பத்துக் கண்ணாடிக் குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ.
மூன்று நாள் உலர்ந்த காற்று,
மூன்று நாள் ஈரக் காற்று,
ஏழாம் நாள் தண்ணீர் வார்த்து
அடியில் சொட்டுவதை ஏந்தி அளக்க வேண்டும்.
ஈரக் காற்றுக்கு மெசின் எதற்கு,
கொழும்பில் ஜன்னலைத் திறந்தால் போதாதா
என்பது எங்கள் பழைய பகிடி.
ஏழாம் நாள் செவ்வாயில் விழுந்தது.
கொச்சிக்கடைக் கோயிலுக்கு இறங்குகிற சனத்துக்குள்
பஸ் நகராது.
மெழுகுதிரி வாசத்தோடு பிந்தி வந்து
கல்லுக்குத் தண்ணீர் வார்ப்பேன்.

முதலாம் கிழமை ஏழு தசம் நாலு.
ஐந்தாம் கிழமை ஏழு தசம் மூன்று.
ஒன்பதில் மின்வெட்டு. காற்றுப் பம்பு நின்றது.
ஃபஸ்லி இரண்டு இரவு வரிசையில் படுத்து
ஒரு கான் டீசலோடு வந்தான், கண் சிவந்து.
எதற்கு என்று கேட்டானாம் பின்னால் நின்றவன்.
கல்லுக்கு, என்று சொல்ல வெட்கப்பட்டு
ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருக்கிறான்.
பதினான்கில் ஏழு.
அந்தத் தண்ணீரை நானே குடித்திருப்பேன்.

இருபதோடு ஒப்பந்தம் முடிந்தது.
ஆறு தசம் எட்டு.
குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை
என்று மொறாயஸ் சேர் எழுதினார். காசு வந்தது.
குழாய்களைக் கழுவி வைக்கச் சொன்னார்.
ஒன்பதைக் கழுவினேன்.
மஞ்சள் மினுக்கக் கல்லைத் தொட்டிவரை கொண்டுபோய்
திருப்பிக் கொண்டுவந்து தாங்கியில் மாட்டினேன்.
துணிவு ஒன்றும் இல்லை.
சல்பேற்றுக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது,
கல்சியக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.
உள்ளே யாரோ கடனை அடைத்துக்கொண்டிருந்தார்கள்
குறைந்துவரும் கையிருப்பில் இருந்து.

இருபத்தொன்றில் ஆறு தசம் ஒன்று.
இருபத்திரண்டில் ஐந்து தசம் இரண்டு.
இருபத்துமூன்றாம் கிழமை
நாலு தசம் ஒன்று.
மீற்றரைக் கழுவித் திருத்தி மறுபடி விட்டேன்.
இனோக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்.
அவளும் அதையே வாசித்தாள், குரலைத் தாழ்த்தி.
சொட்டியபோது தெளிவாகத்தான் இருந்தது.
வியாழனன்று போத்தலின் உள்விளிம்பில்
துருவின் நிறத்தில் ஒரு வளையம்.

பெட்டியின் பக்கத்தில் தேடினேன்.
துளை பதினான்கு, அறுபத்திரண்டு மீற்றர்.
அந்த மலையடியில் ஓடுகிற ஆற்றின் பெயரை
யாரும் எழுதியிருக்கவில்லை.

மொறாயஸ் சேர் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
இதற்கு யார் காசு தருவது, என்றார்.
அறிக்கையைத் திறந்தார். மூடினார்.
திரும்பத் திறந்து,
திறந்தபடியே மேசையில் விட்டு
சாப்பிடப் போனார்.

குழாயைத் திறந்து கை கழுவினேன்.
களனித் தண்ணீர், குளோரின் மணம்,
அம்பத்தலையில் யாரோ இன்று காலை அளந்தது.
ஈரக் கையோடு
அடுத்த போத்தலில் லேபல் ஒட்டினேன்.
இருபத்துநான்கு.